அந்தக் கடன் யாருடையது?

"கடன் அறிக்கையில் தப்பு இருக்கு சார்" என்று வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்த வரியில்?" என்பது. பலருக்கும் பதில் தெரிவதில்லை. அவர்கள் பார்த்திருப்பது முதல் பக்கத்தில் பெரிதாக அச்சாகியிருக்கும் மூன்று இலக்க எண்ணை மட்டும். 300-லிருந்து 900 வரை ஓடும் அளவுகோலில் போன வருடம் 780 இருந்தது, இப்போது 640 என்கிறது, வீட்டுக்கடன் மனு திரும்பி வந்துவிட்டது. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த எண்ணோடு வாதாடிப் பயனில்லை. பின்னால் வரும் பக்கங்களில் உள்ள வரிகளை வைத்து இயந்திரம் போட்ட கணக்கின் விடை அது. உள்ளே ஏதோ ஒரு வரி பிசகியிருக்கிறது. அது எந்த வரி, எங்கிருந்து வந்தது, யார் கை வழியாக வந்தது என்று தேடிப்போக வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு நான் மிகவும் விரும்பிச் செய்யும் வேலை இதுதான்.

விருதுநகர் மாவட்டத்து வங்கிக் கிளைகளில், பெரும்பாலும் கடன் பிரிவில், உட்கார்ந்திருந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடன் கேட்டு வருகிறவரைப் பற்றி அவருடைய கடைத்தெருவில் நாலு பேரிடம் விசாரிப்போம். பருத்திக் கமிஷன் மண்டிக்காரர் ஒருவர், "நல்ல மனுஷன், கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டால் மனு பாதி தூரம் கடந்துவிடும். பிறகு 2000-இல் சிபில் என்ற கடன் தகவல் நிறுவனம் வந்தது. 2005-இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2010-இல் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ஹைமார்க் ஆகிய மூன்றும் உரிமம் பெற்றன. நிறுவனங்கள் நாலு இருந்தாலும் ஊரில் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் 'சிபில்' என்றே பெயர்.

பழைய கடைத்தெரு விசாரணையில் குறைகள் நிறைய. யாருக்குச் செல்வாக்கு இருந்ததோ அவருக்கே நல்ல பெயரும் கிடைத்தது. செல்வாக்கில்லாத நேர்மையான தச்சருக்கும் தையல்காரருக்கும் கதவு திறக்கவில்லை. அந்த வகையில் இந்த அறிக்கை முறையை நான் மனதார வரவேற்றவன், இன்றும் வரவேற்கிறவன். ஆனால் பழைய முறையில் ஒரு தவறு நடக்காது: ஆள் மாறாது. எந்தக் கருப்பசாமியைப் பற்றிக் கேட்கிறோம் என்று மண்டிக்காரருக்குத் தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது. என்னிடம் வந்த புதிர்களில் மிகக் கடினமானவற்றின் வேர் இங்கேதான் இருந்தது.

அதற்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடன் தகவல் நிறுவனம் நம்மைப் பற்றித் தானாக எதையும் எழுதுவதில்லை. வங்கியும் நிதி நிறுவனமும் கார்டு கம்பெனியும் அனுப்புகிற பதிவுகளை வாங்கி, இன்னார் கணக்கு இன்னாருடையது என்று பொருத்தி, ஒரே கோப்பாகச் சேர்த்து வைக்கிறது. ஆகவே தவறு நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, கடன் கொடுத்தவரின் பேரேடு. இன்னொன்று, பதிவுகளைச் சேர்க்கும் இடம். எந்த வாசல் என்று தெரியாமல் புகார் எழுதினால் அது சுற்றிச் சுற்றி வந்து "தரவு சரியாக உள்ளது" என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடும். கடன் கொடுத்தவர் உறுதி செய்யாமல் தகவல் நிறுவனம் ஒரு தொகையையோ தேதியையோ மாற்றாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சில முரண்கள் முரண்களே அல்ல. 2025 ஜனவரி 1 முதல், மாதத்தின் 15-ஆம் தேதி நிலவரத்தையும் கடைசி நாள் நிலவரத்தையும், அந்தந்தத் தேதியிலிருந்து 7 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. அதற்கு முன் மாதத்துக்கு ஒருமுறைதான் அனுப்பினார்கள். 3-ஆம் தேதி நகைக்கடனைத் திருப்பிவிட்டு, 10-ஆம் தேதி அறிக்கை எடுத்துப் பார்த்து, "இன்னும் பாக்கி காட்டுதே" என்று பதறுகிறவர் ஒவ்வொரு கணக்கின் மேலும் அச்சிட்டிருக்கும் 'தகவல் தரப்பட்ட தேதி'யைப் பார்த்தால் போதும். அந்தத் தேதிக்குப் பிறகு நடந்தது எதுவும் அதில் இருக்காது.

உண்மையான முரண் என்றால், நான் முதலில் தேடுவது கறை விழுந்த முதல் மாதத்தை. ஒவ்வொரு கடன் கணக்கின் கீழும் 36 மாதங்களுக்கான கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மாதம் தவணை எத்தனை நாள் தாமதம் என்ற எண். மூன்று பூஜ்யம் இருந்தால் சுத்தம். 'எக்ஸ்.எக்ஸ்.எக்ஸ்.' என்றிருந்தால் அந்த மாதத் தகவல் வரவில்லை. பலர் இப்போதைய மாதத்தையே பார்த்துக் கலங்குவார்கள். நான் விரலைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போவேன். 300, 270, 240 என்று இறங்கி ஒரு மாதத்தில் 030 வரும், அதற்கு முந்திய மாதம் பூஜ்யம். அந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அது என்னவென்று தெரிந்துவிட்டால் மற்ற மாதங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஓர் ஆசிரியையின் அறிக்கை இப்படித்தான் வந்தது. தனிநபர் கடன் ஒன்றை முன்கூட்டியே கட்டி முடித்துவிட்டார். அறிக்கையோ கணக்கு இன்னும் திறந்திருப்பதாகவும், ஒரு வருடத்துக்கும் மேலாகத் தவணை தவறியிருப்பதாகவும் சொன்னது. பாக்கித் தொகை நூறு ரூபாயைக்கூடத் தொடவில்லை. தொகையின் சிறுமையைப் பார்த்து எல்லாரும் இதை அச்சுப்பிழை என்று ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு அந்தச் சிறுமைதான் தடயமாகப் பட்டது. பெரிய தொகை தவறுதலாக ஏறியிருக்கலாம். சில்லறை தவறுதலாக ஏறாது, அது மீந்து நிற்கும். கறை விழுந்த முதல் மாதம், அவர் கடனை அடைத்த மாதத்துக்கு அடுத்த மாதம். அந்த இரண்டு மாதத்துக்கான கணக்கு விவரத்தைக் கிளையில் கேட்டு வாங்கினோம். கதை அதிலேயே இருந்தது. கிளையில் அன்றைய தேதிக்குக் கணக்குப் போட்டுத் தொகை சொல்லியிருக்கிறார்கள். அவர் மறுநாள் பணம் அனுப்பியிருக்கிறார். அந்த ஒரு நாள் வட்டி நின்றுவிட்டது. கணக்கு மூடப்படவில்லை. தவணை பிடிப்பது மட்டும் நின்றுபோனதால் அவருக்கும் தெரியவில்லை. தொகை அற்பமானதால் வங்கியிலிருந்து யாரும் அழைக்கவுமில்லை. தாமத நாள்களை எண்ணும் இயந்திரத்துக்கோ ஒரு ரூபாயும் ஒரு லட்சமும் ஒன்றுதான்.

இதில் தகவல் நிறுவனத்தின் பிழை எதுவுமில்லை. பேரேட்டில் இருந்ததை அது அப்படியே காட்டியது. அங்கே புகார் செய்திருந்தால் சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்திருக்கும். கிளை மேலாளரிடம் கணக்கு விவரத்தை வைத்துப் பேசினோம். அடைப்புத் தொகையைச் சொன்னது கிளை, மீதி நிற்பதைச் சொல்லாததும் கிளை என்பதை அவர் ஒப்புக்கொண்டு, அந்த வட்டியைத் தள்ளி, கணக்கைப் பணம் வந்த தேதியிலேயே மூடியதாகத் திருத்தி அனுப்பினார். கடனை முன்கூட்டியே அடைக்கிற எல்லாரிடமும் அன்றிலிருந்து நான் சொல்வது: 'நிலுவை ஏதுமில்லை' என்ற சான்றிதழோடு நிறுத்தாதீர்கள்; மீதி பூஜ்யம் என்று முடியும் கணக்கு விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இனி ஆள் மாறாட்டத்துக்கு வருகிறேன். ராஜபாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் புது இயந்திரம் வாங்கக் கடன் கேட்டார். மனு தள்ளுபடியானது. காரணம், அவர் பெயரில் இருந்த ஓர் இருசக்கர வாகனக் கடன். சில தவணைகள் நின்றுபோய்ப் பாக்கியோடு இருந்தது. "சார், எங்கிட்ட இருக்கறது எங்கப்பா காலத்து வண்டி. நான் பைக் லோன் போட்டதே இல்ல. யாருக்கும் ஒரு ரூபா பாக்கி வெச்சவனில்ல" என்றார். குரலில் கோபத்தைவிட அவமானம் அதிகம் இருந்தது. வங்கியில் நாலு பேர் முன்னால் அந்தக் காகிதத்தை அவரிடம் காட்டியிருக்கிறார்கள். உழைத்துப் பெயர் எடுத்த மனிதருக்கு இது எத்தனை பெரிய அடி என்பது கடன் மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். இந்த வேலையை அவசரமில்லாமல், ஒரு வரியையும் விடாமல் செய்யவேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

அவர் நினைத்தது, யாரோ தன் பான் கார்டைத் திருடிக் கடன் வாங்கிவிட்டார்கள் என்று. அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் ஒரு முடிவுக்கு வருமுன் மற்ற மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளையும் எடுக்கச் சொன்னேன். இது எனக்கு மிக முக்கியமான படி. 2015 ஜனவரியில் வந்த உத்தரவுப்படி, கடன் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் நாலு தகவல் நிறுவனங்களிலும் உறுப்பினராக இருந்து நாலுக்கும் பதிவு அனுப்ப வேண்டும். ஒருவருடைய பான் எண்ணைக் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தால் அந்தக் கடன் நாலு அறிக்கைகளிலும் தலைகாட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்து மற்ற மூன்றில் இல்லையென்றால், சந்தேகம் கடன் கொடுத்தவரின் பேரேட்டிலிருந்து விலகிச் சேர்க்கும் இடத்தின் மேல் விழும். பட்டறைக்காரரின் நாலு அறிக்கைகளில் ஒன்றில் மட்டுமே அந்த பைக் கடன் இருந்தது.

அடுத்து, அந்த அறிக்கையின் விசாரணைப் பட்டியல். கடன் கொடுக்குமுன் யார் எப்போது நம் அறிக்கையைக் கேட்டுப் பார்த்தார்கள் என்று தேதியோடு அதில் இருக்கும். பைக் கடன் தொடங்கிய மாதத்தில் அந்த நிதி நிறுவனத்தின் பெயர் அங்கே இல்லை. பான் திருட்டாக இருந்தால் பெரும்பாலும் இருந்திருக்கும்.

பிறகு முகவரிப் பகுதி. கணக்குகளைப் படிக்கிற ஆர்வத்தில் எல்லாரும் தாண்டிப்போகிற பகுதி இது. எனக்கு அறிக்கை முழுவதிலும் பிடித்த பகுதி. ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் அது எந்தத் தேதியில் பதிவானது என்று இருக்கும். பட்டறைக்காரருக்கு மூன்று முகவரிகள். இரண்டு ராஜபாளையத்தில் அவர் குடியிருந்த வீடுகள். மூன்றாவது, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்று. அவர் அந்த ஊருக்குப் போனதுகூட இல்லை. அந்த முகவரி பதிவான மாதமும் பைக் கடன் தொடங்கிய மாதமும் ஒன்று. கூடவே தெரியாத ஒரு கைபேசி எண்ணும் சேர்ந்திருந்தது. கடன் தனியாக வரவில்லை, ஓர் ஆளின் ஊரையும் எண்ணையும் உடன் அழைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அப்படியானால் அந்தக் கடனுக்குச் சொந்தக்காரர் உண்மையில் இருக்கிறார். அவர் திருடர் அல்லர்.

"அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாக்கட்டுமா சார்?" என்று கேட்டார். கூடாது என்றேன். இதில் நான் கண்டிப்பானவன். எங்கோ தவணை கட்ட முடியாமல் திணறிக்கொண்டிருக்கும் ஒருவரின் விவரம் யாருடைய தவறாலோ நம் கைக்கு வந்திருக்கிறது. அதை வைத்து அவர் வீட்டுக் கதவைத் தட்ட நமக்கு உரிமை கிடையாது. நம் கோப்பிலிருந்து அது நீங்க வேண்டும். நம் தேவை அவ்வளவே.

ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்பதைப் புரிந்துகொள்ள நம் ஊர்ப் பெயர் வைக்கும் முறையைப் பார்க்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான் முன்னால் நிற்கிறது. எம். கருப்பசாமி என்றால் அந்த எம்-க்குள் மாரியப்பனும் இருக்கலாம், மாடசாமியும் முனியசாமியும் முத்தையாவும் இருக்கலாம். பான் விண்ணப்பமோ தலையெழுத்தை ஏற்பதில்லை, விரித்து எழுதச் சொல்கிறது. அங்கே அப்பா பெயர் கடைசிப் பெயராக உட்காருகிறது. பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து அந்தக் கடைசிப் பெயரின் முதல் எழுத்து. நம் ஊரில் அது பெரும்பாலும் அப்பா பெயரின் எழுத்தாகவே இருக்கும். வாக்காளர் அட்டையில் வேறு வரிசை. வங்கி பாஸ்புக்கில் இன்னொரு வரிசை. 'சாமி' என்று முடிவதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ஐ போடுவார், ஒருவர் ஒய் போடுவார், ஒருவர் டபிள்யூவையும் சேர்ப்பார். பெயரை முதல், நடு, கடைசி என்று பிரித்துப் பார்க்கப் பழகிய மென்பொருளுக்கு இந்த மாறுபாடுகளைத் தாங்கிக்கொள்ளத் தளர்வான விதி தேவைப்படுகிறது. விதி தளர்ந்தால் வேறு ஆளும் உள்ளே வந்துவிடுகிறார்.

பெயர் போகட்டும், பிறந்த தேதி காப்பாற்றாதா என்று கேட்கலாம். பட்டறைக்காரரிடம் அதைக் கேட்டேன். "அது வாத்தியார் போட்ட தேதி சார். பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வயசு சரியா வரணும்னு போட்டாரு. எங்க செட்டுல பாதிப் பேருக்கு அதான் பொறந்தநாள்" என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கே ஜூன் மாதத்துப் பிறந்தநாள்கள் உண்டு. ஒரே பெயர், ஒரே தலையெழுத்து, வாத்தியார் தந்த ஒரே தேதி, 626 என்று தொடங்கும் ஒரே மாவட்டத்துப் பின்கோடு. இந்த நாலும் பொருந்திவிட்டால், பான் எண் இல்லாத ஒரு பதிவைக் கணினி எந்தக் கோப்பில் சேர்க்கும்?

அவர் என்னிடம் வருமுன்பே ஒரு புகார் கொடுத்திருந்தார். அதில் பாக்கித் தொகை தவறு என்று குறித்திருந்தார். தகவல் நிறுவனம் அதை நிதி நிறுவனத்துக்கு அனுப்பியது. அங்கே ஒருவர் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்திருப்பார். கடன் உண்மை, தொகை உண்மை, பாக்கி உண்மை. "தரவு சரி" என்று பதில் வந்துவிட்டது. கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான். கேள்வியை மாற்றினோம். முதலில், தொகையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், 'இந்தக் கணக்கு என்னுடையதல்ல' என்ற பிரிவில் புகார் பதிந்தோம். கூடவே, நிதி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு கடிதம். அதில் கேட்டது இது மட்டும்: இந்தக் கணக்கைத் திறக்கும்போது நீங்கள் வாங்கிய அடையாள ஆவணத்தின் எண், இத்துடன் இணைத்துள்ள என் பான் எண்ணோடும் வாக்காளர் அட்டை எண்ணோடும் பொருந்துகிறதா, இல்லையா? அந்த ஆவணத்தின் நகல் வேண்டாம். எழுத்தில் ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும்.

நகல் கேட்டிருந்தால் இன்னொருவரின் ஆவணத்தைத் தர முடியாது என்று மறுத்திருப்பார்கள், அது நியாயமும்கூட. பொருந்துகிறதா என்று கேட்டால் மறுக்க வழியில்லை. யாராவது எழுந்துபோய்க் கோப்பைத் திறந்தாக வேண்டும். பதில் வந்தது. பெயரும் பிறந்த தேதியும் பொருந்துகின்றன, வாக்காளர் அட்டை எண் பொருந்தவில்லை, எங்கள் பதிவில் பான் எண் இல்லை. அந்தக் கடிதத்தை இணைத்த பிறகு தகவல் நிறுவனத்தில் இரண்டு கோப்புகளையும் பிரித்தார்கள். கிராமத்து முகவரியும் கைபேசி எண்ணும் கடனோடு சேர்ந்து வெளியேறின. பட்டறைக்காரருக்கு இயந்திரக் கடன் கிடைத்தது.

புகார் எழுதுவதும் ஒரு கைத்திறன்தான். நான் எழுதவைக்கும் கடிதங்களில் மனவேதனை, பல வருட வாடிக்கை, குடும்பச் சூழல் எதுவும் இருக்காது. அவை பொய்யென்பதற்காக இல்லை. படிக்கிறவர் கையில் ஒரு திரையும் சில கட்டங்களும்தான் இருக்கின்றன, அவர் திருத்தக்கூடிய கட்டத்தை மட்டும் நாம் சுட்டிக்காட்ட வேண்டும். அறிக்கையின் மேலே உள்ள கட்டுப்பாட்டு எண், கடன் கொடுத்தவர் பெயர், கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள், எந்தக் கட்டம், அதில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் எது. ஒரு புகாரில் ஒரு பிழை. இரண்டு பிழைகளைச் சேர்த்து எழுதினால் சுலபமானதைத் திருத்திவிட்டு முடிந்தது என்று மூடிவிடுவார்கள்.

சட்டம் நம் பக்கம் வலுவாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாமல் இருப்பது வருத்தம் தருகிறது. தன் தகவலைப் பார்க்கவும் திருத்தக் கேட்கவும் 2005-ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை தருகிறது. 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். நாலு நிறுவனங்களிடமிருந்து நாலு. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி போட்டு, 2024 ஏப்ரல் 26-இல் நடைமுறைக்கு வந்த உத்தரவு இன்னும் முக்கியமானது. புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்வு வர வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் திருத்திய தகவலை அனுப்பாவிட்டால் பணம் அவர் தர வேண்டும்; அவர் அனுப்பியும் தகவல் நிறுவனம் தாமதித்தால் அது தர வேண்டும். இந்த உத்தரவு வந்த பிறகு பதில்களின் வேகம் மாறியதை நான் கண்கூடாகப் பார்த்தேன். அதற்கும் அசையாதவர்கள்மேல் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பரிலிருந்து தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. கட்டணம் எதுவும் கிடையாது, வக்கீல் வேண்டாம்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரியாத நிறுவனத்தின் பெயரில் ஒரு சின்னக் கடன் இருந்தால், ஃபிரிட்ஜோ கைபேசியோ தவணையில் வாங்கிய மாதத்தை நினைத்துப் பாருங்கள். கடையில் ஒரு பெயரும் செயலியில் ஒரு பெயரும் இருக்க, பணம் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் மூன்றாவதாக இருக்கும். பெரிய கடன் ஒன்று திடீரென்று தெரிந்தால், 'உரிமை' என்ற கட்டத்தைப் பாருங்கள். சக ஊழியருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும், பிள்ளையின் கல்விக் கடனில் அப்பாவாகப் போட்ட கையெழுத்தும் அங்கே தெரியும். அவை நம் கடன்களேதான். 2020 ஏப்ரலில் 10 பொதுத்துறை வங்கிகள் நாலாக இணைந்தன. அப்படி இணைகிறபோது ஒரே கடன் பழைய பெயரில் ஒன்றும் புதுப் பெயரில் ஒன்றுமாக இரண்டாகத் தெரியலாம். தொடங்கிய தேதியும் தொகையும் ஒன்றாக இருப்பதை வைத்துப் பிடித்துவிடலாம். கடனை வங்கி சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டாலும் அப்படித்தான். கிரெடிட் கார்டு வந்து, பயன்படுத்தத் தொடங்காமல் பீரோவில் கிடந்திருந்தால் அதை அறிக்கையில் ஏற்றக்கூடாது என்று 2022-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. உண்மையிலேயே நம் பான் எண்ணில் வேறொருவர் கடன் வாங்கியிருந்தால், கடிதத்துக்கு முன் 1930-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்ய வேண்டும். அந்தப் புகார் எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு 'சிபில் ஏற்றித் தருகிறோம்' என்கிறவர்களிடம் போகாதீர்கள். உண்மையான தாமதத்தை எவராலும் அழிக்க முடியாது. பொய்யான வரியை நீக்க எவருக்கும் பணம் தரத் தேவையில்லை.

கிளைகளிலும் நிதி நிறுவனங்களிலும் கடன் மேசையில் இன்று உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கணக்குத் திறக்கும்போது அப்பா பெயரைத் தலையெழுத்தோடு நிறுத்தாமல் முழுதாக அடியுங்கள். பான் எண் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். தகராறு ஒன்று உங்கள் திரைக்கு வரும்போது தொகை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். கோப்பை எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் புகைப்படத்தையும் கையெழுத்தையும், புகார் கொடுத்தவர் அனுப்பியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.